சந்தனம் பூசிய சீடி

மன்னார்குடியில் நான் வேலை பார்த்த வீடியோ கடையின் அலமாரியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதிலிருந்த சீடி உறைகளின் மேல் ஒரே பொருளுக்கு அத்தனை பெயர்கள். கடை முதலாளியான பாய் ‘டிஸ்க்’ என்று எழுதுவார், நான் ‘டிஸ்கு’ என்று எழுதுவேன், எடிட்டிங் செய்தவர் ஆங்கிலத்தில் ஒரு நாள் சி போட்டும் மறுநாள் கே போட்டும் எழுதுவார். வாசல் போர்டில் பெயின்டர் ‘டிக்ஸ்’ என்றே எழுதிவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கிய திமிரில் நான் இதற்கெல்லாம் சண்டைக்கு நிற்பேன். பாய் தலை நிமிராமல், “எப்புடி வேணா எழுதிக்கம்மா. உள்ள இருக்கறது வந்துட்டா போதும்” என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒரு அறுவடைக் காலத்தில், வடுவூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். பையிலிருந்து அவர் எடுத்த சீடியைப் பார்த்துத் திகைத்துப் போனேன். பளபளக்கிற பக்கம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. அவர் மகளின் காதுகுத்துக்குப் பாய்தான் வீடியோ எடுத்திருந்தார். அது முடிந்து கொஞ்ச நாளிலேயே அவருடைய கணவர் பம்புசெட்டில் கரண்ட் அடித்து இறந்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமை அவரு படத்துக்குப் பொட்டு வைக்கறப்ப இதுக்கும் வச்சேங்க. இதுலதானே பேசுறாரு. இப்ப ஓட மாட்டேங்குது. பாப்பாவுக்கு அவங்கப்பா குரலே தெரியாதுங்க” என்றார். கடையிலும் வேறு நகல் இல்லை. கம்ப்யூட்டரில் பழையதை அழித்துத்தான் புதியதை ஏற்றுவோம்.

நானாக இருந்தால் இதன் மேல் யாராவது சந்தனம் வைப்பார்களா என்று கேட்டிருப்பேன். பாய் கேட்கவில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் சீடியை ஊறவைத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு வரை பொறுமையாகத் துடைத்தார். கலங்கிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போனேன். “கால் படாத எடமாப் பாத்து ஊத்தும்மா. அவங்க மனசாரப் பூசுனது” என்றார். கொல்லைப்புறத்துச் செம்பருத்தியின் அடியில் ஊற்றினேன். அன்று அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அப்புறம் குறையவே இல்லை.

சீடியைப் போட்டுப் பார்த்தபோது படம் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஓரிடத்தில் மட்டும் இறந்துபோன அந்த அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று பேசினார். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தக் காட்சியை மட்டும் பாய் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எங்கங்க பொட்டு வைக்கிறது?”

“மூடி மேல வைங்கம்மா. வைக்கறப்ப மூடியை மட்டும் கழட்டிடாதீங்க” என்றார் பாய். அவர் சிரிக்காததால் நானும் சிரிக்கவில்லை.

பாய் காலமான பிறகு கடையை நான் எடுத்து நடத்துகிறேன். சீடி கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. எல்லாம் போனில்தான். போன மாதம் அந்த மகள் வந்தாள். தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாளாம். பென்டிரைவில் இருப்பதைப் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். மூடியில் சந்தனம் தடித்துக் காய்ந்திருந்தது. கழற்றிச் செருகி ஓடவிட்டேன்.

“பாப்பா பேரு என்னங்க?” என்றது ஒரு குரல். அவள் அப்பா அவள் பெயரைச் சொல்லிவிட்டு, “நானே வச்சது பாய்” என்று சிரித்தார்.

ஊரிலுள்ளவர்களையெல்லாம் படம் எடுத்த பாய் தன்னை ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. அவர் குரல் எப்படியிருக்கும் என்பதே எனக்கு மங்கிப் போயிருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெயர் கேட்டவர் அவர்தான்.

“இன்னொரு தடவை போடுறீங்களாக்கா?” என்றாள். போட்டேன். அவள் தன் அப்பாவின் குரலைக் கேட்டாள், நான் பாயின் குரலைக் கேட்டேன். அதற்கடுத்த முறை அவள் சொல்லாமல் நானே போட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீங்களும் ஒரு காப்பி வச்சுக்கங்கக்கா” என்றாள்.