வெள்ளைக் கடலும் கத்தரிப்பூ மீனும்

நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. அடம்பனில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்கரைப் பக்கம் உள்ளே போனால் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தகரம் போட்டு முடிந்த சந்தோசத்தில் ரீச்சர் ஒரு கைவேலைக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். ஆளுக்கொரு துணிப்பை தைக்க வேண்டும்.

"துணியில இருக்கிற கோலமும் உங்கட கையால வரவேணும். கடைப்பூத் துணியோட வாறவையை வாசலிலயே திருப்பி அனுப்பிப்போடுவன்" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வகுப்பில் எல்லோரிடமும் இருந்தது நிவாரணத்தில் கிடைத்த ஒரே மாதிரி நீலப் பைதான். எது யாருடையது என்று முகர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிப்போம். கருவாட்டு வாசம் அடித்தால் என்னுடையது. இனி அப்படியில்லை. சுவரில் ஒரு பை தொங்கும். பார்த்தவுடனேயே இது இன்னாருடையது என்று சனம் சொல்லும்!

என்ன கோலம் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. மீன். அப்பா அறுந்த றப்பர் செருப்புகளை வெட்டி வலைக்கு மிதப்பாகக் கட்டுவார். அதில் ஒரு துண்டை எடுத்துப் பிளேட்டால் மீன் வெட்டினேன். அம்மா பாய் இழைக்கிற பனையோலைக்கு வாங்கி வைத்திருந்த கத்தரிப்பூ நிறச் சாயத்தில் அதைத் தோய்த்துத் துணியில் குத்த வேண்டியதுதான். இங்கொன்று அங்கொன்றாகச் சில மீன்கள். எல்லாம் பையின் வாயைப் பார்த்து நீந்தும். இடையில் விட்ட வெள்ளைதான் கடல்.

இதைச் சொன்னபோது கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளைக் கடலோ? அப்ப நான் இவ்வளவு காலமும் பிழையான கடலுக்கெல்லோ போய் வந்திருக்கிறன்."

வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? அம்மா தகரப்பெட்டியின் அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். எனக்கு அந்தத் துணியைத் தெரியும். சண்டையின் கடைசியில் நாங்கள் வெளியே வந்தபோது அம்மா ஒரு கம்பில் கட்டி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்த துணி. அப்பாவின் தோளில் இருந்தபடி அதையே பார்த்துக்கொண்டு வந்தவள் நான். நல்ல தடித்த பருத்தி. முடிச்சுப் போட்டிருந்த மூலையில் மட்டும் சுருக்கம் இருந்தது.

"இது ஏன் அம்மா போகேல்ல?"

"அது போகாது. நீ குத்து" என்றார்.

முதல் மீன் விழுந்ததும் நான் போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழி வேலிக்கு மேலால் பறந்தது. வால் கொஞ்சம் கோணல்தான்; ஆனாலும் மீன் மீன்தானே. சத்தம் கேட்டு அம்மா பக்கத்தில் வந்து குந்தினார். "ஒருக்காத் தா பாப்பம்."

வாங்கினவர் திருப்பித் தரவில்லை. என் மீனுக்கும் மீனுக்கும் இடையில் ஒரு மீன். அதற்கும் இதற்கும் இடையில் இன்னொன்று.

"அம்மா, கடலை விடுங்கோ!"

"கொஞ்சம் பொறு பிள்ளை. இந்த இடம் வெள்ளையாய்க் கிடக்கு."

"அதுதானே கடல்!"

அப்பா எட்டிப் பார்த்தார். "கடல் எங்கை? மீன் எல்லாத்தையும் குடிச்சுப்போட்டுதோ? நல்ல மீன்பாடு கிடைச்ச நாளில வள்ளத்துக்குள்ள கிடக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!"

எனக்குக் கோபம்தான். ஆனால் அம்மா இப்படி ஒரு விளையாட்டில் இறங்கி நான் கண்டதேயில்லை. மூக்கு நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறம். கோபத்தை மறந்து நானும் இன்னொரு மிதப்பை வெட்டிக்கொண்டு போட்டிக்குக் குத்தினேன். தையல் முழுக்க நானே. சுருக்கம் விழுந்த மூலை பையின் அடிக்குள் போய்விட்டது.

கண்காட்சி அன்று கல்விக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்தார். வெள்ளை வெளேரென்ற சேட்டுப் போட்டிருந்தார். சுவரிலிருந்த பைகளுக்குள் என் பையைத்தான் கழற்றி எடுத்தார்.

"இது ஆற்ற?"

வகுப்பே என்னைப் பிடித்து முன்னால் தள்ளியது. கால் நிலத்தில் படவில்லை எனக்கு. போட்டோவுக்காக அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தகரத்துக்குக் கீழே வேர்வை வழிகிற வெயில். பையை எடுத்தபோது சேட்டு முழுக்க மீன்.

ஓலைச் சாயம் கொதிக்கக் கொதிக்க அவித்தால்தான் பிடிக்கும். பாய் இழைக்கிற வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். இருந்த சந்தோசப் புளுகத்தில் நாங்கள் இரண்டு பேரும் பச்சைத்தண்ணீரில் குழைத்துக் குத்தியிருந்தோம்.

ஐயா குனிந்து நெஞ்சைப் பார்த்தார். "பரவாயில்லை, இண்டைக்கு மீன் வாங்காமலே வீட்டை போகலாம்." பள்ளிக்கூடமே சிரித்தது. பின்னால் நின்ற அம்மாவும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பையைத் தண்ணீரில் அலசினேன். மீன்கள் மெலிந்து மெலிந்து, இடையில் வெள்ளை எட்டிப் பார்த்தது. "அம்மா, கடல் வந்திட்டுது!" என்று தூக்கிக் காட்டிக்கொண்டே ஓடினேன்.

அம்மா அந்த வெள்ளையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஓலை அவிக்கிற பானையை அடுப்பில் ஏற்றி, மிச்சச் சாயம் அத்தனையையும் கொட்டி, கொதி வந்ததும் பையை என் கையிலிருந்து வாங்கி உள்ளே போட்டார். என் கோலம் போகிறதே என்று நான் அழுது குளறினேன். பை காற்றுப் பிடித்து ஊதி ஊதி மேலே வந்தது. அம்மா ஒரு கம்பை எடுத்து அதைக் கீழே அமத்திக்கொண்டு நின்றார். மேலே வர வர, அமத்தினார்.

ஒரு சின்னப் பைக்கு ஏன் இவ்வளவு பலம் என்று எனக்கு விளங்கவில்லை. பகிடி விட்டு அம்மாவை நிறுத்துவார் என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து, அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டார்.