மோகனப்பிரியா காருக்குப் பூக்கேட்ட கதை

சங்ககிரியில் வண்டியைப் பற்றிப் பேசாத ஆண்பிள்ளை கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தால் டயர், டீசல், லோடு, இதைத் தவிர வேறு பேச்சு வராது. ஆனால் அந்த ஊரில் ஓட்டுகிற சுகத்துக்காகவே காரை ஓட்டிய ஆள் யார் என்று என்னைக் கேட்டால் மோகனப்பிரியா என்றுதான் சொல்வேன். ஊர் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

அவள் பிறந்தது எருமப்பட்டிப் பக்கம். அப்பா சுப்பையனுக்குக் கோழிப்பண்ணை. தீவன மூட்டை ஏற்றுகிற பழைய வேனைப் பண்ணைத் தடத்தில் ஓட்டித்தான் அவள் கிளட்ச்சும் கியரும் பழகினாள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று கேட்டவர்களிடம் சுப்பையன், "என்ற புள்ள ஓட்டறா, உங்களுக்கு ஏனுங்க வயிறு எரியுது?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். மகள் கல்யாணம் என்று வந்தபோது மட்டும் அந்த மனிதர் வாயடைத்துப் போனார்.

சீரில் கார் என்பது இந்தப் பக்கத்தில் பேசாமலே பேசி முடிகிற விஷயம். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். "உங்க புள்ளைக்கு நீங்க செய்யறதுதானுங்களே" என்பார்கள். அந்தப் பெருந்தன்மைக்குள்ளேயே காரின் நீளமும் அகலமும் அடங்கியிருக்கும். மாப்பிள்ளை ஜீவானந்தம் சங்ககிரியில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறவன். அவனுடைய சிநேகிதர்கள் எல்லாருக்கும் மாமனார் வீட்டிலிருந்து ஆளுயரத்துக்கு வண்டி வந்திருந்தது. மோகனப்பிரியாவோ சின்னக் கார் ஒன்றைக் காட்டி அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நீல நிறம். சின்ன எஞ்சின்தான், ஆனால் டர்போ வைத்தது. மிதித்தால் பிய்த்துக்கொண்டு போகும்.

"மண்டபத்து வாசல்ல நிறுத்துனா சின்னதாத் தெரியுமே சாமி" என்றார் சுப்பையன்.

"நான்தானுங்கப்பா ஓட்டப்போறேன். மண்டபமா ஓட்டப்போவுது?" என்றாள்.

ரிப்பன் கட்டி நின்ற அந்தக் காரைப் பார்த்து மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் சிரித்தார்கள். ஜீவானந்தமும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆர்.சி. புத்தகம் வழக்கப்படி மாப்பிள்ளை பேருக்குப் போனது. பெண்ணுக்குக் கொடுத்த காரை மாப்பிள்ளை பேரில் எழுதுகிற இந்த நியாயத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாமக்கல்லில் கோழித்தீவனம் பரிசோதிக்கிற ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. காலையில் திருச்செங்கோடு வழியாகப் போவாள், பொழுது சாய அதே வழியாகத் திரும்புவாள். வீட்டில் மாமியார் சௌந்திரம், புருஷன், மகள் யுவஸ்ரீ. ஆய்வகத்தில் மக்காச்சோளத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இரண்டுக்கும் நடுவே அந்த ரோடு இருந்தது. அந்த ரோட்டில் அவளை யாரும் பிரியா என்று கூப்பிட முடியாது, எதையாவது எடுத்து வா என்று சொல்ல முடியாது. எந்த வளைவில் எந்த கியர், எந்த ஏற்றத்தில் எவ்வளவு மிதி என்பதெல்லாம் அவள் காலுக்கே தெரியும். ஒரு நாளில் அவள் நிம்மதியாக மூச்சு விட்டது அங்கேதான் என்றால் நம்புங்கள்.

வருஷங்கள் ஓடின. நீலக் காரும் ஓடி ஓடிக் களைத்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் அந்தப் படம் கண்ணில் பட்டது. ஆக்டேவியா ஆர்.எஸ். பழைய வண்டி, சேலத்தில் விற்பனைக்கு நின்றது. பார்க்க சாதாரண நான்கு கதவு கார்தான். உள்ளே இருப்பது இருநூற்று நாற்பத்தைந்து குதிரைசக்தி எஞ்சின். தயிர்ச் சோறு காய்ந்து போகிறவரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஆசைப்பட்டாள் என்று நினைக்காதீர்கள். அந்த டயர் இந்த ஊரில் கிடைக்குமா, எருமப்பட்டித் தடத்தில் இருக்கிற வேகத்தடையில் வயிறு தட்டுமா, கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் யார் பார்ப்பார்கள், பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு இத்தனை வேகம் எதற்கு என்று எல்லாவற்றையும் யோசித்தாள். ஒருநாள் வேண்டும் என்று தோன்றும், மறுநாள் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். கடைசியில் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று லீவு போட்டுவிட்டு சேலத்துக்குப் போனாள்.

பழைய கார் வியாபாரி வேல்முருகன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "சார் வரலீங்களா மேடம்?"

"சார் வரலீங்க. காரை நான்தான் ஓட்டப்போறேன்."

"இது கொஞ்சம் முரட்டு வண்டிங்க மேடம். நானே பக்கத்துல உக்காந்து சொல்றேன், மெதுவா..."

சங்ககிரி ரோட்டில் ஏறும் வரை அவன் சொல்லிக்கொண்டேதான் வந்தான். மகுடஞ்சாவடிக்கு முன்னால் வரிசையாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், விளக்குப் போட்டாள், மிதித்தாள். முதுகு சீட்டோடு ஒட்டியது. லாரிகள் எல்லாம் எப்போது பின்னால் போயின என்றே தெரியவில்லை. வேல்முருகன் வாயை மூடிக்கொண்டான். அவளுக்கோ குபீரென்று சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி வாய்விட்டுச் சிரித்த நினைவே இல்லை அவளுக்கு. வண்டியைத் திருப்பும்போது முடிவு செய்துவிட்டாள். பழையதைக் கொடுத்துவிட்டு இதை எடுப்பது. தன் சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்தது போதும்.

வீட்டில் சொன்னபோது ஜீவானந்தம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "உன்ற காசு, உன்ற இஷ்டம். எதுக்கும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றான்.

சௌந்திரம் அவனுக்கும் ஒருபடி மேலே. "நான் யாரு சாமி வேண்டாங்கறதுக்கு? செல்லாண்டியம்மன்கிட்டப் பூக்கேட்டுப் போடலாம். அவ குடுத்தா எடுத்துக்க."

குலதெய்வத்திடம் பூக்கேட்பது அந்த வீட்டு வழக்கம். காடு தோட்டம் வாங்கக் கேட்பார்கள், போர்க்கிணறு போடக் கேட்பார்கள், சம்பந்தம் பேசக் கேட்பார்கள். ஓர் இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது வீட்டு மருமகளின் வேலை.

அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டு அவள் இலையும் வாழைநாருமாக உட்கார்ந்தாள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு என்றுதான் பறித்து வந்திருந்தாள். என்ன கேட்டாலும் சிரித்த முகமாகவே வேண்டாம் என்று சொல்லி வைக்கிற வீட்டில், இந்த ஒன்றையும் பாதிக்குப் பாதி என்று விடுவதா என்று ஆற்றாமை பொங்கியது. எழுந்து போய் இன்னொரு வெள்ளையைப் பறித்து வந்தாள். சிவப்பைச் சாக்கடையில் போட்டாள். இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டினாள். தாயே மன்னிச்சுக்க, இந்த ஒரே ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டாள்.

நீலக் காரிலேயே போனார்கள். அவள் ஓட்டினாள். ஜீவானந்தம் பக்கத்தில், மடியில் பொட்டலத் தட்டு. பின்னால் சௌந்திரமும் தூங்கி விழுகிற யுவஸ்ரீயும். கோயில் முக்கில் தேங்காய் பழம் வாங்க நிறுத்தினாள். மாமியாருக்கு மருமகள் வாங்குகிற தேங்காய் எதுவும் தேறாது என்பதால் சௌந்திரமும் கூட இறங்கினாள். பூக்கடைக்காரியிடம் மாலைக்கு மல்லுக்கட்டிவிட்டு இருவரும் வந்தார்கள். தட்டு அப்படியே அவன் மடியில் இருந்தது.

பூசாரி தட்டை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். "எடு சாமி" என்றார். யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள், சிரித்தாள், ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். மோகனப்பிரியா அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவப்புங்க" என்றார் பூசாரி.

அவள் குனிந்து பூவைப் பார்த்தாள். தன் கையால் வைத்தது வெள்ளை. இரண்டும் வெள்ளை. அம்மனே மாற்றிவிட்டாள். மருமகள் செய்த திருட்டுத்தனத்தைக் கண்டுகொண்டு, மூஞ்சியில் அடித்த மாதிரி சிவப்பைக் கொடுத்துவிட்டாள். தன் பிள்ளையின் கையாலேயே கொடுத்துவிட்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அவ வேண்டாம்னு சொன்னா அதுல ஏதோ இருக்கும் கண்ணு. வருத்தப்படாத" என்று சௌந்திரம் முதுகைத் தடவினாள். மற்றப் பொட்டலத்தை வழக்கப்படி பிரிக்காமல் கிணற்றில் போட்டார்கள். வீடு வந்து சேர்ந்ததும் வேல்முருகனைக் கூப்பிட்டு, வண்டியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. விரதம் என்று சொல்லிக்கொண்டாள். அம்மனுக்குப் பட்டுச் சாத்துவதாக நேர்ந்துகொண்டாள். இனி வேகமாகவே ஓட்டுவதில்லை என்றுகூட மனதுக்குள் சத்தியம் செய்தாள், பாவம்.

மறுநாள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில், தண்ணீர் பாட்டில் வைக்கிற இடத்தில், இரண்டு பூக்கள் வாடிக் கிடந்தன. வெள்ளை அரளி.

அவள் துணியைக் கீழே போட்டாள். பூக்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் நேராக வீட்டுக்குள் போய், தலை சீவிக்கொண்டிருந்த ஜீவானந்தத்தின் முன்னால் கையை நீட்டினாள்.

"என்னுங்க இது?"

அவன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதை நானல்ல கேக்கோணும்? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு இருக்கோணும். நான் பிரிச்சுப் பாத்தா ரெண்டும் வெள்ளை."

"அதுக்கு நீங்க ரெண்டுலயும் செவப்பு வெப்பீங்களா?"

"நீங்க ரெண்டு பேரும் தேங்காய் பாத்துட்டு இருந்தப்ப பூக்கடைக்காரி கூடை கார் பக்கத்துலதான இருந்துச்சு." சீப்பை ஊதினான். "சாமிகிட்டயே திருட்டு வேலை பண்ணுனவ நீ. நான் சும்மா சரி பண்ணுனேன். அம்மாவைக் கூப்பிடட்டுமா? உங்கப்பனையும் வரச்சொல்லட்டுமா? வெச்சுப் பேசுவோமா?"

என்ன பேசுவாள்? நீ மாற்றினாய் என்று சொல்ல வாயெடுத்தால் நீ முதலில் என்ன வைத்தாய் என்று கேட்பார்கள். தெய்வத்திடம் பொய்ப்பூ வைத்த மருமகள் என்று சாகிற வரைக்கும் சொல்வார்கள். அவன் வைத்ததும் பொய்ப்பூதான். ஆனால் புருஷன் குடும்பத்தைக் காப்பாற்றினான் என்று ஆகிவிடும். அடச்சீ, என்ன பிழைப்பு இது என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் செய்ததைவிட, ஒரு நாள் முழுக்க அம்மன்தான் மாற்றினாள் என்று நம்பி அழுதோமே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பட்டு நேர்ந்திருந்தாள். அதை மட்டும் மறுவாரமே போய்ச் சாத்திவிட்டு வந்தாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. வெளியே வந்து பார்த்தாள். ஏழு பேர் உட்காருகிற வெள்ளைக் கார், மாலையோடு நின்றது. பழைய வண்டிதான், ஆனால் ஆளுயரம். நீலக் காரைக் காணவில்லை.

"எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன்" என்றான் ஜீவானந்தம். "ஆர்.சி. என் பேர்லதான இருந்துச்சு. மீதிக்கு, பேங்குல நம்ம ரெண்டு பேர் கணக்குல நீ ஒதுக்கி வெச்சிருந்தது சரியாப் போச்சு. இவ்வளவு பெரிய எஞ்சின், பாத்தியா? நீ கேட்ட மாதிரியே பவர் வண்டி."

சௌந்திரம் பூசணிக்காயோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷம் கழித்து மண்டபத்து வாசலில் நிற்க வேண்டிய கார் வந்துவிட்டது.

மோகனப்பிரியா கரண்டியைக் கையில் வைத்தபடியே கேட்டாள். "ஏனுங்க அத்தை, இதுக்குப் பூக்கேக்கலீங்களா?"

"ஊட்டுக்கு வாங்கற காருக்கு எதுக்கு சாமி பூவு?" என்றாள் சௌந்திரம். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை.

அம்மனிடம் காட்டிவிட்டு வரலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். பழக்கத்தில் அவள் ஓட்டுகிற பக்கம் போய்க் கதவில் கை வைத்தாள். "நீ பின்னால பாப்பாவோட உக்காரு பிரியா, முன்னால அம்மா வரட்டும்" என்றான் அவன். ஏறி உட்கார்ந்தாள். யுவஸ்ரீ மடியில் படுத்துக்கொண்டாள். இனிமேல் நாமக்கல்லுக்கு எந்த பஸ் என்று விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரிய ரோடு வந்த பிறகும் அவன் மூன்றாவது கியரிலேயே இரைய விட்டு ஓட்டினான். எஞ்சின் கத்தியது. நாலுக்கு மாத்துங்க என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் சொல்லவில்லை.