கம்பியடியில் ஊற்றாத தண்ணீர்

எங்கள் வீட்டில் தண்ணீரைத் தரையில் சிந்தினால் முதுகில் ஓர் அடி நிச்சயம். சூளகிரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நிலத்தில் அதுவரை போட்ட இரண்டு போர்க்கிணறும் புழுதியைத்தான் கக்கின. இரண்டுக்கும் இடம் காட்டியவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பவர். தேங்காய் எழுந்து நின்றால் கீழே தண்ணீராம். அந்தத் தேங்காய்கள் சட்னிக்காவது உதவின. போருக்காக விற்ற அம்மாவின் வளையல்கள் எதற்கும் உதவவில்லை.

மூன்றாவது தடவை அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து, நிலத்தடித் தண்ணீர் பார்க்கும் மெஷின்காரரை அழைத்து வந்தார். தண்ணீர் உண்டென்றால் அம்மாவின் தாலிச் சங்கிலியை விற்றுப் போர். இல்லையென்றால், சுற்றிலும் நிலம் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிக்கு எங்கள் நிலமும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மெஷின்காரர் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே வரிசையில் அடித்து ஒயர் மாட்டினார். கரண்ட் மண்ணுக்குள் போய்ப் பார்த்துச் சொல்லுமாம். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழம் தெரியுமாம். ஆனால் காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது, கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஒரு கடைசிக் கம்பி அப்பாவுக்கு, மறு கடைசி எனக்கு. கையில் உப்புப் பொட்டலம், இடுப்பில் ஒரு குடம்.

அம்மா லாரிக்கு முன்னால் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர் அது. அதை வெறும் மண்ணில் கொட்டுவதா? பெரியவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று தீர்மானித்தேன். உப்பைத் தாராளமாகத் தூவினேன். தண்ணீரை மட்டும் கோயில் தீர்த்தம்போல ஒரு கை தெளித்தேன்.

கம்பி தள்ளிப்போகப் போக மெஷின்காரரின் முகம் சுருங்கியது.

"கரண்டே இறங்கலயே. தண்ணி நல்லா ஊத்துறியா பாப்பா?"

"ஊத்துறேன்!" என்று கத்தினேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆழத்துல ஒண்ணும் பிடிபடலீங்க. கல்லாத்தான் இருக்கும்போல. போர் போடுங்கன்னு என்னால சொல்லமுடியாது."

அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

நான் குடத்தைப் பெருமையோடு வீட்டுக்குச் சுமந்து வந்தேன். தண்ணீர் எதற்கென்று காலையில் மெஷின்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் அம்மா. குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஊத்தலயாடி?"

"மிச்சம் புடிச்சேம்மா."

அடிப்பாளா, கட்டிக்கொள்வாளா என்று நின்றேன். இரண்டும் இல்லை. வாசலுக்கு எதிரே நிலத்தில் மெஷின்காரர் இன்னும் ஒயரைத்தான் சுருட்டிக்கொண்டிருந்தார். மறுபடி பார்க்கச் சொல்ல ஒரு குரல் கொடுத்தால் போதும். அம்மா சங்கிலியை விரலில் உருட்டியபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் குடத்தைத் தட்டால் மூடினாள்.

"அப்பாகிட்ட சொல்லாத."

நிலம் போயிற்று. அன்று மெஷின் வைத்த இடத்திலேயே கம்பெனி போர் போட்டது, தண்ணீர் வந்தது. அம்மா என்னை அடியிலிருந்து காப்பாற்றினாள் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். அன்று அவள் வேறு எதையாவதும் காப்பாற்றினாளோ என்று நினைத்தது, என் வீட்டுக்காரர் என் தாலிச் சங்கிலியை விற்கக் கேட்ட நாளில்தான்.