பிரசாதப் பழமும் தேன்பெட்டியும்

முருகா என்று கத்தினேன். முகவலை முழுக்கத் தேனீக்கள். கையுறையின் மேல், கழுத்துப் பக்கம், எங்கும் அந்த இரைச்சல். என்னைப் பரீட்சிக்க வந்த ஜூடி என்ற வெள்ளைக்கார அம்மா பெட்டியை மூடி, என்னைத் தோளில் பிடித்து வேலிக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போனார். மணிக்கட்டிலும் கழுத்திலும் கொட்டு. அதைவிட, கூப்பிட்டும் அவன் வரவில்லையே என்ற எண்ணம்தான் எனக்கு வலித்தது.

அடியார்களே, எனக்குப் பெரிய படிப்பு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் கணவர் காலமான பிறகு, ஆஸ்திரேலியாவில் வெரிபீ என்ற ஊரில் நான் தனியே இருக்கிறேன். மகன் கபிலன் குடும்பத்தோடு சிட்னியில். எங்கள் புதுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி. காலையில் கராஜ் கதவு திறக்கும், கார் போகும், கதவு மூடும். ஆள் முகம் தெரியாது. ஒருநாள் மாலை விளக்கேற்றி “முருகா” என்றபோது தொண்டை கரகரத்தது. அன்று என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

எனக்கென்று இருந்தது பக்கத்துப் பொதுத் தோட்டமும் அங்கிருந்த தேன்பெட்டிகளும். அவற்றைப் பார்த்து வந்தவருக்கு உதவியாக நின்று நின்றே தொழில் பழகினேன். தேனீக்களோடு நான் ஆங்கிலம் பேசத் தேவையில்லை. அவர் ஊர் மாறிப் போனதும், தேனீ வளர்ப்பில் மேல்நிலைச் சான்றிதழ் உள்ள ஒருவர் பொறுப்பெடுக்காவிட்டால் பெட்டிகளை அகற்றுவோம் என்று தோட்டத்தை நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள். வேறு யாரும் முன்வரவில்லை. நான் வகுப்புக்குப் போனேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக் குசினியில் சமையல் மேசையில் படித்தேன். எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். பெட்டியைத் திறந்து காட்டும் பரீட்சைதான் மிச்சம்.

அந்தப் பரீட்சை தைப்பூசம் கழிந்த அடுத்த வாரம். காலையிலேயே கோயிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு நேரே தோட்டத்துக்கு வந்தேன். வந்த இடத்தில்தான் முதலில் சொன்னபடி ஆனது. உங்கள் கை பதறுகிறது, சீசன் முடிய முன் இன்னொரு தரம் வாருங்கள் என்று ஜூடி சொன்னார். என் கை பதறவில்லை. ஆனால் அதைச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை.

கபிலனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

“அம்மா, இட்ஸ் ஓகே. விடுங்கோ. தேன் கடையில வாங்கலாம்தானே?”

“தேனுக்காகவோ நான் போறன்?” என்று கேட்டேன். அவனுக்கு மீட்டிங் வந்துவிட்டது.

அன்று சுவாமிப் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். அழுதேன். “முருகா, சான்றிதழ் தராட்டிலும் பரவாயில்லை. ஏன் இப்படி நடந்தது எண்டு மட்டும் சொல்லு. கேக்க எனக்கு வேற ஆக்கள் இல்லை.”

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. எடுக்க மனமில்லை. அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. ரேவதி. என்னோடு வகுப்பில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை, நேர்ஸ் வேலை. முதல்நாள் பரீட்சைக்கு என்னோடு வந்து, என் தேனீ உடுப்பைக் கழற்றி, தைத்திருந்த கொடுக்குகளை எடுத்துவிட்டவள் அவள்தான்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து சூட் பாக்கெட்ல என்ன வச்சிருந்தீங்க?”

“ஒண்டும் இல்லையே. கோயில் பிரசாதம்தான்.”

“பிரசாதம்னா?”

“திருநீறும் ஒரு வாழைப்பழமும்.”

“ஐயோ ஆன்ட்டி! இப்ப பையனுக்கு டிபன் பாக்ஸ்ல பழம் வைக்கறேன், அதே வாசனை! நேத்து உங்க சூட்ல நசுங்கிப்போய் இருந்திருக்கு. கொட்டுற தேனீ, சண்டைக்கு வாங்கன்னு மத்ததக் கூப்பிட ஒரு வாசனை விடும், அது வாழைப்பழ வாசனை மாதிரியே இருக்கும்னு படிச்சோமே!”

படித்தோம்தான். எழுத்துப் பரீட்சையில் அதற்குச் சரியாக விடையும் எழுதியிருந்தேன். ஆனால் வகுப்பில் படித்தது வாழைப்பழம். என் பையில் இருந்தது பிரசாதம். இரண்டும் ஒன்று என்று என் புத்திக்கு எட்டவேயில்லை.

“பழத்தால முன்னாடியே வீட்ல சண்டை போட்ட சாமிதானே ஆன்ட்டி!” என்றாள். சிரித்தேன். சுவரில் பட்டுத் திரும்பிய அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

நான் முருகனிடம் கேட்டது ஏன் என்று. அவன் ஏன் என்றும் சொன்னான், சொல்ல ஒரு ஆளையும் அனுப்பினான்.

ஆனாலும் பயம் போகவில்லை. இரண்டாம் தரம் போன காலை, பழத்தைச் சுவாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, திருநீறு மட்டும் பூசிக்கொண்டு போனேன். ரேவதி வேலிப்பக்கம் நின்றாள். புகை போட்டேன். மூடியைத் தூக்கும்போது “ஓம் சரவணபவ” என்று முணுமுணுத்தேன். தேனீக்கள் தங்கள் பாட்டில் இருந்தன. முட்டைகளைக் காட்டினேன். தேனடையில் நிறம் மாறிய ஓர் அறையைத் தீக்குச்சியால் குத்தி இழுத்து, நூல் போல வரவில்லை, நோய் இல்லை என்றேன். தேனீக்களைச் சீனிமாவில் குலுக்கி, உடம்பில் ஒட்டிய உண்ணி உதிர்கிறதா என்று பார்த்தேன்.

தேனீக்களோடா பேசுகிறீர்கள் என்று ஜூடி கேட்டார். இல்லை, கடவுளோடு என்றேன். நிறுத்தாதீர்கள், அவற்றுக்கும் அது பிடித்திருக்கிறது என்றார்.

சித்தியடைந்தேன். பெட்டிகள் அதே இடத்தில் இருக்கின்றன, என் பொறுப்பில்.

வீடு இன்னும் அமைதியாகத்தான் கிடக்கிறது. அதை மறைக்கமாட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் ரேவதி தோட்டத்துக்கு வருவாள். வேலை முடித்து, உடுப்பு மாற்றி, கைகழுவிய பிறகு என் வீட்டுக் குசினியில் சுவாமிக்கு வைத்த பழத்தை உரித்துப் பாதி பாதியாகச் சாப்பிடுவோம்.

என்னைப் போலத் தனியே இருக்கிற அடியார்களே, அவனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். தொலைபேசி அடித்தால் எடுங்கள். நான் எடுக்காமல் விடப் பார்த்தேன். அவன் இரண்டாம் முறையும் அடித்தான்.