முள்ளங்கித் தொட்டியும் மிச்ச மாத்திரையும்

எண்பதுகளின் தொடக்கத்தில், போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு கண்ணாடிச் சீசா இருந்தது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், விட்டதும் மிச்ச மாத்திரையை அதில் போட்டு வைப்பேன். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள்கூட நாலைந்து வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போவார்கள். எதையும் வீணாக்காதவள் என்று ஊரில் எனக்குப் பேர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு தை மாதம் என் வீட்டுக்காரருக்கு டைபாய்டு. பதினாலு நாள் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாம் நாள் சூடு விட்டது.

"அதான் விட்டுருச்சுல்ல, இன்னும் எதுக்கு இந்தக் கசப்பு?" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. மிச்சம் சீசாவுக்குப் போனது. அவர் படுத்த துணிகளைப் பம்புசெட்டுத் தொட்டியில் துவைத்தேன். போடி மார்க்கெட்டுக்குப் போகும் முள்ளங்கியையும் அதே தொட்டியில்தான் மண் போக அலசிக் கட்டுவோம். வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் அங்கே விலை போகும்.

அடுத்த மாதம் ஆறு வயது மகள் படுத்தாள். தொட்டியிலிருந்து முள்ளங்கியை எடுத்து அப்படியே கடித்துத் தின்கிறவள் அவள். சீசாவைத் திறந்து, மாத்திரையைப் பிரித்து, பாதி மருந்தைத் தேனில் குழைத்து நானே ஊட்டினேன். நாலாம் நாள் என்னைப் பார்த்து "நீ யாரு?" என்றாள். அள்ளிக்கொண்டு போடிக்கு ஓடினேன்.

டாக்டர் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார். கூடவே, சந்தைக்குப் போகிற மாதிரியே நாலு முள்ளங்கி கொண்டுவரச் சொன்னார். எங்கள் தோட்டத்தின் மேல் பழி போடுகிறாரே என்று எனக்கு ஆத்திரம். வெடுக்கென்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரத்தத்தில் இருந்த கிருமியே முள்ளங்கியிலும் இருந்தது. காய்ச்சல்காரர் துணி துவைத்த தொட்டித் தண்ணீரில் ஒட்டியதாம்.

"நீங்க குடுத்த மாத்திரைக்கு இது அசையாதும்மா. அரைகுறையா அடிச்சு விட்டா, தப்பிச்ச கிருமி அந்த மருந்துக்கே பழகிரும்" என்றார். வேறு ஊசி போட்டார். மூன்று வாரம் கழித்துத் தலைமுடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக மகள் எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அவளைப் படுக்கவைத்தது என் சிக்கனம்தான்.

வீட்டுக்கு வந்ததும் சீசாவைக் குழிவெட்டிப் புதைத்தேன். வீட்டுக்காரர் அதுவரை சந்தைக்கு முள்ளங்கி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்; தொட்டித் தண்ணீர் பாய்ந்த அந்தப் பாத்தியை அழித்தேன்.

"வெளிய மூச்சு விடாத. நம்ம பொழப்புல நாமளே மண்ணள்ளிப் போடுறதா?" என்றார் வீட்டுக்காரர்.

"தின்னவுக பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றேன். மறுநாள் வெறுங்கையோடு முதல் பஸ்சில் மார்க்கெட்டுக்குப் போனேன். எங்களிடம் வாடிக்கையாக வாங்குகிற ஒவ்வொருவரிடமும், வீட்டில் எங்கள் முள்ளங்கி கிடந்தால் பச்சையாகத் தின்ன வேண்டாம் என்று சொன்னேன். சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நின்று கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரி வந்தாள்.

"மதினி, பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. சீசாவுல இருந்து ரெண்டு மாத்திரை குடுங்க."

"சீசா இல்ல. பிள்ளையத் தூக்கு, வெரசா பஸ்சுக்குப் போவோம்."

"சோலி கெடக்கே மதினி."

"முள்ளங்கி தின்னானா?"

"ஆமா. நீங்கதான் போன மாசம் டாக்டருக்குப் பிடுங்கயில எனக்கும் நாலு குடுத்தீக."

அவள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். டாக்டர் பதினாலு நாளைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆறாம் நாளே காய்ச்சல் விட்டது. "போதுமே மதினி" என்று அவள் கெஞ்சினாள். கடைசி மாத்திரையை அவன் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் வாசலை விட்டு நகர்ந்தேன்.