ஆஹெனுக்குக் கடத்திய மாதா

காலை 9.30. பிராங்பேர்ட்டில் ரயில் ஏறும்போது மாதா என் மடியில் இருந்தார். ஒன்றரை அடிச் சுரூபம். சால்வையால் சுற்றிப் பையில் வைத்து, மேலே முறுக்குப் பொதியால் மூடியிருந்தேன்.

ஒக்டோபரில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லும் சுரூபம் இது. கையில்தான் கொடுக்கவேண்டும், தபாலில் அனுப்பும் கதையே இல்லை. அடுத்த முறை ஆஹெனில் இருக்கும் என் அக்கா ஜெசிந்தாவுடையது. அங்கேதான் வில்லங்கம். அத்தான் இரண்டு வருடத்துக்கு முன் புரட்டஸ்தாந்துத் தமிழ்ச் சபை ஒன்றில் சேர்ந்துவிட்டார். அந்தச் சபைப் போதகர் கத்தோலிக்க வீடுகளாகப் பார்த்துக் கதவு தட்டுகிறவர். சுரூபத்தை விக்கிரகம் என்பார். அக்கா வீட்டு மாதா படம் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. “ஒருக்காலாவது என்ர வீட்டில செபமாலை சொல்லவேணும்” என்று போனில் அழுதாள். அத்தான் வேலைக்குப் போன நேரத்தில் நுழைவது எங்கள் திட்டம்.

ஏறத்தாழ 260 கிலோமீற்றர், டிக்கெட் 29 யூரோ. கொலோனில் ரயில் மாறினேன். கள்ளக்கடத்தல்காரர் எப்படித்தான் நிம்மதியாக இருக்கிறார்களோ!

நண்பகல் ஆஹெனில் இறங்கினால், மேடையில் அத்தான்.

“தாங்கோ மச்சாள், நான் தூக்கிறன்.”

“முறுக்குத்தான் அத்தான்.”

“இவ்வளவு பாரமான முறுக்கோ?” என்று சிரித்தார். “ஜெசி ராத்திரியே சொல்லிப்போட்டா. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு நான்தான் மறிச்சனான். தெரிஞ்சா வராமல் விட்டிடுவியள்.”

“கோவமோ?”

“என்னால கும்பிட ஏலாது மச்சாள். அவ கும்பிடுறதை மறிக்க நான் ஆர்? போதகருக்கும் அதைத்தான் சொன்னனான்.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பையைக் காரின் பின்சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார்.

அன்று மாலை பன்னிரண்டு பேர் கூடிச் செபமாலை சொன்னோம். அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பாடினாள். அத்தான் ஒரு செபமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

இரண்டு நாள் கழித்து மாதா போகவேண்டிய வீடு எல்லைக்கு அப்பால், வால்ஸில். அது ஒல்லாந்து. ஊரில் போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கரான எங்கள் சனத்தை, பின்னால் வந்த ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தாக்கப் படாதபாடு படுத்தினார்கள். அவர்களுக்குப் பயந்துதான் மாதாவைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் ஓடினார்கள். இப்போது சால்வையும் இல்லாமல், அக்கா மடியில் மாதா. கார் ஓட்டுகிறவர் புரட்டஸ்தாந்துக்காரர்.

எல்லையில் காவலும் இல்லை, சோதனையும் இல்லை. ஒரு நீலப் பலகை மட்டும். அத்தான் வேகத்தைக் குறைத்தார்.

“ஒல்லாந்தர்ர இடம் வந்திட்டுது ஜெசி. மாதாவை இறுக்கிப் பிடியும்.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.