அவளுடைய திருத்தமும் என்னுடையதும்

விழுப்புரத்தில் நான் வேலை செய்யும் நிறுவனம் சிறியது. மருத்துவமனைகளுக்கு நோயாளிப் பதிவு மென்பொருள் செய்து தருகிறோம். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கோடு, அதாவது மென்பொருளுக்கான நிரல், எழுதுவேன். அவள் அதைச் சோதித்துத் தவறு கண்டுபிடிப்பாள். மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வருவாள். என் வீடு திண்டிவனத்தில். அங்கிருந்து இருவரும் ஒரே ரயிலில் போவோம்.

போன வருடம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“நம்ம சாஃப்ட்வேர்ல பாதி, யார் யாரோ எழுதி ஓப்பன் சோர்ஸ்ல சும்மா குடுத்தது. எடுத்துக்கினே இருக்கோம், ஒண்ணும் திருப்பிக் குடுக்கல. இனிமே வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு மேல கம்பெனி வேலை வேணாம். அதுல இருக்கிற தப்பைச் சரி பண்ணி, உங்க பேர்லயே அனுப்புங்க” என்றார். நோயாளிகளின் விவரம் எதுவும் வெளியே போய்விடக் கூடாது. அதனால் அனுப்புவதற்கு முன் நான் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

“இருக்கிற வேலையே பேஜாரா இருக்குது. இதுல ஊருக்கு வேற உழைக்கணுமா?” என்று ரயிலில் நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“பேர் வரிசை தப்பா வருதே, அத எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேன்” என்றாள்.

தமிழ்ப் பெயர்களை அடுக்க நாங்கள் எடுத்துக்கொண்ட இலவச மென்பொருளில் ஜகரம் சகரத்துக்குப் பின்னாலேயே நுழைந்துகொள்ளும். றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கும். பள்ளியில் படித்த வரிசை அதுவல்ல. ஆறு வருடங்களுக்கு முன் ஒரே ஒரு மருத்துவமனை கேட்டதற்காக நான் இதைச் சரி செய்திருக்கிறேன். எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அவள் எழுதியதைக் கொண்டுவந்தாள். நான் இருநூறு வரியில் செய்ததை அவள் நாற்பது வரியில் முடித்திருந்தாள். சோதனை பண்ணுகிறவள். கோடு எழுதுகிறவள் நான். அவள் எழுதியதைத் திரையில் மூடிவைத்தேன்.

“பாத்து சொல்றேன்” என்றேன்.

மூன்று வெள்ளிக்கிழமைகள் கேட்டாள். மூன்று முறையும் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் ஞாயிறு மதியம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருக்க, என் பழைய இருநூறு வரியைத் தூசி தட்டி என் பெயரில் அனுப்பினேன்.

அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் செவ்வாய்க்கிழமை பதில் எழுதியிருந்தார். ஆய்த எழுத்து எங்கே வரும்? க்ஷ ஓர் எழுத்தா, இரண்டா? சரிபார்க்கச் சோதனைச் சொற்கள் எங்கே? என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் ரயிலில், சும்மா கேட்பதுபோல் அவளிடம் கேட்டேன்.

“க்ஷ எங்க வரும்னு எனக்கும் சந்தேகமா தான் இருந்துச்சு. படிச்ச ஸ்கூலுக்கே போய் தமிழ் மிஸ்ஸ கேட்டுக்கினு வந்தேன்” என்றாள். மயிலம் தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கோத்து வைத்திருந்த சோதனைச் சொற்களே தொண்ணூறு.

அலுவலகம் போனதும் அவளுடையதற்குச் சரி சொல்லிவிட்டேன். ஆனால் என்னுடையதைத் திரும்பப் பெறவில்லை. முதலில் வந்தது என்று அதையே எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை.

அவளுடையது போனதும், இதே தவறுக்கு இன்னொருவர் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார் என்று பராமரிப்பவர் அதன் கீழே எழுதிவிட்டார். கூடவே என் பெயர். அவள் என் மேசைக்கு வந்தாள்.

“ஞாயித்துக்கிழமை அனுப்பியிருக்க. அப்ப என்னோடது உன் கிட்ட தான் இருந்துச்சு.”

“உன்னோடதப் பாத்து எழுதலடி. ஆறு வருஷமா என் கிட்ட இருக்குது.”

“தெரியும். படிச்சேன், வேற மாதிரி தான் இருக்குது. சொல்லியிருந்தா ரெண்டு பேர் பேரும் போட்டிருப்பேன். மூணு வாரமா எதுக்கு என்னை நிக்க வச்ச?”

“பொறாமை” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கே என்னுடையதைத் திரும்பப் பெற்றேன். முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, பார்த்துச் சரி சொல்லும் வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னேன். அவர் “ஆகட்டும்” என்றார். அவளுடைய திருத்தம் ஏற்கப்பட்ட நாளில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். எனக்கும் அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மாதம் ரயிலில் என்னோடு வராமல் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் பழையபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரணம் நானும் கேட்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் உட்காருகிறேன். சின்னதாக இரண்டு திருத்தங்கள் போயிருக்கின்றன. அவளை பெங்களூரில் ஓர் ஓப்பன் சோர்ஸ் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள் என்று கேட்ட அன்று மதியச் சோறு எனக்கு இறங்கவில்லை.

போன வாரம் தன் புதிய திருத்தத்தைக் காட்டி, “ஒரு வாட்டி பாத்து சொல்றியா?” என்றாள். அதில் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சி நல்ல மகிழ்ச்சி இல்லை. ஆனால் அடுத்த நிமிடமே எழுந்துபோய் அவளிடம் சொல்லிவிட்டேன்.